தனியே படித்தோரும் கூடிப் படித்தோரும்: பெர்க்கிலி ஆய்வு பற்றி ஒரு மதிப்பீடு

தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையில் 97ஆம் இடத்தில் பெர்க்கிலியம் என்றொரு தனிமம் இருப்பதை வேதியியல் படிக்கும் வாசகர்கள் அறிவீர்கள். 1949ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் அது செயற்கை முறையில் ஆக்கப்பட்டது. ஊரின் பெயரே தனிமத்தின் பெயரும் ஆயிற்று. சைக்ளோட்ரான் எந்திரத்தை அமைத்து 1939இல் நோபல் பரிசு பெற்ற எர்னெஸ்ட் லாரன்ஸ் பணியாற்றியதும் இதே வளாகத்தில்தான். இத்தனை புகழ் வாய்ந்த இடத்திற்குள், தத்தம் பள்ளிகளில் முதன்மையாகத் தேறி நுழைந்த மாணவர்கள் பலர், முதலாண்டுக் கணிதத்திலேயே ஆண்டுதோறும் தோற்று வந்தார்கள் என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது அல்லவா? ஆய்வு தொடங்குவதற்கு முந்தைய பத்தாண்டுகளில், கால்குலஸ் பாடத்தின் முதற் பருவத்தைப் படித்து முடித்த கறுப்பின மாணவர்களில் நூற்றுக்கு 60 பேர் டி அல்லது எஃப் தரமே பெற்றனர். எஃப் என்றால் தோல்வி. டி என்றால் தோல்விக்கு ஒரு படி மேல்.

இது ஏன் நேர்ந்தது, அதை மாற்ற என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் கட்டுரை ஒன்றை யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1992 நவம்பரில் 'தி காலேஜ் மேத்தமெட்டிக்ஸ் ஜர்னல்' என்னும் இதழில் எழுதினார். கால்குலஸ் படிக்கும் மாணவர்களைப் படித்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். மொத்தம் பதினொரே பக்கங்கள். வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டாலும், பல்கலைக்கழகங்களில் மாணவர் நலப் பணி என்ற பெயரில் நடப்பவற்றைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட வேறொன்றை நான் படித்ததில்லை. ஆனால் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பழகிய கண்ணோடு படித்தால், இதில் சில ஓட்டைகளும் புலப்படுகின்றன. இரண்டையும் காண்போம்.

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் ஒருவர் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே அரங்கில் விரிவுரை ஆற்றுவார். பிறகு அவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, மேற்படிப்பு மாணவர்களாகிய துணையாசிரியர்களிடம் கணக்குப் போட்டுப் பழகுவர். 1970களில் டிரைஸ்மன் தாமும் மேற்படிப்பு மாணவராக இருந்துகொண்டே இத்துணையாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தார். லியான் ஹென்கின் என்ற தருக்கவியல் பேராசிரியர் அவருக்கு ஊக்கம் தந்தார். உங்கள் குழுவில் மிக நன்றாகச் செய்பவர் யார், மிகவும் திணறுபவர் யார் என்று துணையாசிரியர்களிடம் கேட்டபோது ஓர் ஒழுங்கு வெளிப்பட்டது. நன்றாகச் செய்பவர்கள் வரிசையில் சீன வமிசாவளி மாணவர்களும் திணறுபவர்கள் வரிசையில் கறுப்பின மாணவர்களும் அடிக்கடி வந்தனர்.

காரணம் என்ன என்று ஆசிரியர்களைக் கேட்டார். விடைகள் நான்கு வகையில் அடங்கின. மாணவருக்கு ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் போதாது, வீட்டில் படிப்புக்கு ஆதரவு போதாது, வருமானம் போதாது. இந்த நான்கையும் வாசகர்கள் எங்கோ கேட்டிருப்பீர்கள். ஊர் மாறினாலும் ஆசிரியர்களின் ஓய்வறைப் பேச்சு மாறுவதில்லை போலும்!

கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி இங்கே தொடங்குகிறது. நான்கு விளக்கங்களும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவை, கேட்பதற்குப் பொருத்தமானவை. அறிவியலில் ஒரு கருதுகோள் பொருத்தமாகத் தோன்றினால் போதாது, அளந்து பார்க்க வேண்டும். டிரைஸ்மன் பார்த்தார். ஊக்கமா? எத்தனையோ தடைகளைத் தாண்டி இவ்வளாகத்திற்கு வந்த பிள்ளைகள் அவர்கள். பட்டம் பெறாமல் ஊர் திரும்பும் நினைப்பே அவர்களுக்கு இல்லை. வீட்டு ஆதரவா? குழந்தை பிறக்கும் முன்பே அதைக் கல்லூரிக்கு அனுப்புவதென முடிவு செய்த பெற்றோர்கள் அவர்களில் பலர். வருமானமும் விளக்கமாகவில்லை, நடுத்தரக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் தோற்றார்கள். பள்ளி அடித்தளம் பற்றிய முடிவுதான் எல்லாவற்றிலும் வியப்பானது. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. கணிதத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் கால்குலஸ் தரத்திற்கும், கறுப்பின ஆண் மாணவர்களிடையே, ஒன்று தொடர்பே இல்லை, அல்லது தலைகீழ்த் தொடர்பு இருந்தது. அதிக மதிப்பெண்ணோடு வந்தவர்களும் விழுந்துகொண்டிருந்தார்கள் என்பது இதன் பொருள்.

நான்கு கருதுகோள்களும் உதிர்ந்த பின் டிரைஸ்மன் அளக்கும் கருவியையே மாற்றினார். வினாப்படிவங்களை ஒதுக்கிவிட்டு, 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வமிசாவளி மாணவர்களையும் தேர்ந்துகொண்டு, ஒளிப்படக் கருவியோடு அவர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே சென்றுவிட்டார். அவர்கள் எப்போது படிக்கிறார்கள், எங்கே, யாரோடு, முடியாத கணக்கு வந்தால் என்ன செய்கிறார்கள் என்பவற்றை நேரிலேயே கண்டார். பல்கலைக்கழக வாழ்வில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே கழிகிறது. அந்தப் பகுதியை ஆசிரியர்களில் எவரும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

அவர் கண்டது இது. கறுப்பின மாணவர் காலையில் எழுந்து வகுப்புக்குச் செல்கிறார், குறிப்பெடுக்கிறார், அறைக்குத் திரும்பித் தனியே அமர்ந்து வீட்டுக்கணக்கைப் போடுகிறார், தவணை தவறாமல் ஒப்படைக்கிறார். நண்பர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நண்பர்களோடு பேசுவது வேறு, படிப்பு வேறு என்று இரண்டும் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தன. கால்குலஸ் பாடத்திற்கென அவர் செலவிட்டது வாரத்திற்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வீட்டில் படிக்க வேண்டும் என்பது பேராசிரியர்கள் தந்த அறிவுரை. வாரத்திற்கு வகுப்பு நான்கு மணி, ஆக எட்டு. சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள் தோற்றார்கள்.

சீன வமிசாவளி மாணவரும் எட்டு முதல் பத்து மணி நேரம் தனியே படித்தார். அதன் பின் மாலையில் கூடினார்கள். சேர்ந்து சமைத்து உண்டுவிட்டு, வீட்டுக்கணக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒருவர் விடையை மற்றவர் திருத்தினார்கள். ஆங்கிலப் பிழைகளையும் விட்டுவைக்கவில்லை. அண்ணன்மாரும் ஒன்றுவிட்ட உறவினரும் வந்து கேள்வி கேட்டுச் சோதித்தார்கள். பழைய தேர்வுத் தாள்களைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். மொத்தத்தில் வாரத்திற்குச் சுமார் 14 மணி நேரம் ஆயிற்று. மேலும், வகுப்பில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியாகச் சொன்ன செய்தியை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். எந்த அளவீட்டுக்கும் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். ஒரு கணக்கு எனக்கு வரவில்லை. பக்கத்தில் உள்ள நால்வருக்கும் வரவில்லை. அப்படியானால் கணக்கு கடினம்; நாளை ஆசிரியரைக் கேட்கலாம். அதே கணக்கு தனியறையில் இருப்பவருக்கு வரவில்லை என்றால், கடினம் கணக்கிலா தன்னிடமா என்று பிரித்தறிய அவருக்கு வழியே இல்லை. பள்ளியில் முதல்வராக இருந்தவர் இதை வெளியே சொல்லவும் மாட்டார்.

பல்கலைக்கழகம் இதையெல்லாம் பார்த்துச் சும்மா இருந்ததா என்றால் இல்லை. தனிப்பயிற்சி தருவோர் இருந்தார்கள், ஆலோசகர்கள் இருந்தார்கள், பின்தங்கியோருக்கான துணைப்பாட வகுப்புகள் நடந்தன. பணமும் மனமும் செலவாயின. மாணவர்கள்தான் வரவில்லை. அவர்கள் பள்ளியில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். தேவாலய இளைஞர் குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர்கள். ஒரு சமூகமே பெருமையோடு வழியனுப்பி வைத்தவர்கள். துணைப்பாட வகுப்பு என்ற பலகை தொங்கும் அறைக்குள் நுழைவது, நான் இவ்விடத்திற்குத் தகுதியற்றவன் என்று எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாக அவர்களுக்குத் தோன்றியது. போனவர்களுக்கும் பெரிய பயன் விளையவில்லை. உதவி தேவைப்பட்டவர்களைத் துரத்தும் விதத்திலேயே உதவி அமைக்கப்பட்டிருந்தது என்பது கட்டுரையின் நடுவில் வரும் கருத்து. மாணவர் நலப் பணிகளில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் இப்பகுதியைப் படிக்க வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் டிரைஸ்மன் தொடங்கிய பயிலரங்கு இதற்கு நேர் எதிரான திசையில் அமைந்தது. பின்தங்கியோர் என்ற சொல்லே அதில் கிடையாது. உயர்தரக் கணிதம் செய்ய வல்லவர்களுக்கான சிறப்புத் திட்டம் என்று அழைத்தார்கள். வழக்கமான வகுப்புக்கு மேலாகக் கூடுதல் நேரம், சிறு குழுக்கள், வழக்கமான வீட்டுக்கணக்கைவிடக் கடினமான கணக்குகள். துணையாசிரியர் விடை சொல்லமாட்டார். மேசைக்கு மேசை நடந்து, யார் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பார். கூடிப் படிப்பது எப்படி என்பதையும் கற்றுத்தர வேண்டியிருந்தது என்கிறார் ஆசிரியர். நம்மிடையே கம்பைன்டு ஸ்டடி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்ச் செய்வதெல்லாம் வேறு!

விளைவு? எஸ்.ஏ.டி. கணிதத்தில் 600ஐச் சற்றே தாண்டிய கறுப்பின மாணவர்கள், அதே தேர்வில் 700க்கும் நடுவில் வாங்கியிருந்த வெள்ளை, ஆசிய மாணவர்களுக்கு இணையாகக் கால்குலஸில் தேறினார்கள் என்று கட்டுரை கூறுகிறது. அத்தேர்வின் கணிதப் பகுதிக்கு உச்ச மதிப்பெண் 800 என்பதை நினைவில் கொண்டால் வேறுபாட்டின் அளவு விளங்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இத்திட்டத்தின் உயிர் குழுவில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனார்கள். உண்மையில் உயிர் இருந்தது கணக்குகளில் என்று டிரைஸ்மன் எழுதுகிறார். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முயல்கிறேன். எடுத்துக்காட்டு கட்டுரையில் உள்ளதன்று. கணித ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருவது. மூன்றின் வர்க்கம் என்பது மூன்றை மூன்று முறை கூட்டுவது. அதுபோல, x-இன் வர்க்கம் என்பது x-ஐ x முறை கூட்டுவது. ஒவ்வொரு x-இன் வகைக்கெழுவும் 1. x ஒன்றுகளைக் கூட்டினால் x. ஆனால் x-இன் வர்க்கத்தின் வகைக்கெழு 2x என்றல்லவா பாடநூலில் இருக்கிறது? மீதி x எங்கே போயிற்று? சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். x முழு எண்ணாக இருந்தால்தானே 'x முறை' என்று சொல்லலாம் என்பார் ஒருவர். அது மட்டும் காரணமன்று என்பார் இன்னொருவர். x மாறும்போது வேறு எது மாறுகிறது என்று மூன்றாமவர் கேட்பார். இத்தகைய கணக்கைச் சுற்றி நால்வரை உட்கார வைத்தால் பேசாமல் இருக்க முடியாது. சூத்திரத்தில் எண்களைப் பொருத்தினால் விடை வந்துவிடும் கணக்கைக் கொடுத்தால், நால்வரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இனிக் குறைகளுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, கன அளவு மாறியது வெப்பத்தால்தான் என்று ஒரு மாணவர் எழுதினால் நாம் மதிப்பெண் தருவதில்லை. பயிலரங்கில் மாறியவை ஒன்றல்ல. குழு வந்தது, கடினமான கணக்கு வந்தது, மரியாதையான பெயர் வந்தது, படிக்கும் நேரமும் கூடியது. முதலில் கண்ட இரு தரப்பினருக்கும் இடையிலேயே எட்டு மணிக்கும் பதினான்கு மணிக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. தனியே அமர்ந்து பதினான்கு மணி நேரம் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டுரையில் இதற்கு விடை இல்லை. தனியே அவ்வளவு நேரம் ஒருவர் சலிக்காமல் அமர முடியாது, கூட்டம்தான் நேரத்தைக் கொண்டுவருகிறது என்று வாதிடலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆயினும் நினைப்பது வேறு, அளப்பது வேறு.

இரண்டாவது, பயிலரங்கில் சேர்ந்தவர்கள் தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள். விரும்பி வருகிறவர் வராதவரைவிட முன்பே வேறுபட்டவராக இருக்கக்கூடும். 1990ஆம் ஆண்டு ராபர்ட் ஃபுல்லிலவ் என்பவரோடு சேர்ந்து டிரைஸ்மன் வெளியிட்ட மதிப்பீடு, பங்கேற்றவர்களின் தரங்களையும் பங்கேற்காதவர்களின் தரங்களையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு பெரியது, தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. ஆனால் மருந்து ஆய்வுகளில் செய்வதுபோல் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வன்று அது.

மூன்றாவது குறையைக் கட்டுரையின் மேல் மட்டும் சுமத்த முடியாது. படிப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இரு சமூகங்களை அருகருகே நிறுத்தியதால், சீனர்கள் உழைப்பாளிகள், கறுப்பினத்தவர் கூடிப் படிக்கத் தெரியாதவர்கள் என்று பலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இருபது பேரை வைத்து ஓர் இனத்தின் இயல்பைச் சொல்ல முடியாது. தவிர, வளாகத்தில் ஒருவர் தம்மையொத்த சிலரோடு இருக்கிறார், மற்றொருவர் அரங்கு நிறைந்த கூட்டத்தில் தனியராக இருக்கிறார் என்றால், கூடிப் படிப்பதற்கான வாய்ப்பே இருவருக்கும் சமமன்று. டிரைஸ்மன் தனிமையைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் அத்தனிமையைப் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் உண்டாக்கியது என்ற கேள்வியை இன்னும் உரத்துக் கேட்டிருக்கலாம்.

பயிலரங்கு பிற இடங்களுக்குப் பரவியது ஒரு தனிக் கதை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் உள்படப் பல இடங்களில் இத்திட்டம் பின்பற்றப்பட்டது. நல்ல கணக்குகளோடு எடுத்துக்கொண்ட இடங்கள் உண்டு. வட்ட மேசைகளை மட்டும் வாங்கிப்போட்டு, பழைய தனிப்பயிற்சிக்குப் புதுப்பெயர் சூட்டிய இடங்களும் உண்டு.

இத்தகைய பணிகளைப் பாடத்தின் ஓரத்தில் ஒட்டவைப்பதோடு நிற்காமல் முதலாண்டுப் பாடத்தையே திருத்த வேண்டும் என்ற பக்கம் டிரைஸ்மன் பின்னர் நகர்ந்தார். இதற்கு இயற்பியலிலிருந்து வலுவான சான்று கிடைத்தது. 1998இல் ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 இயக்கவியல் பாட வகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் தேர்வு விடைகளைத் திரட்டினார். பாடத் தொடக்கத்தில் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கு இறுதியில் தெரிந்தது என்று கணக்கிட்டார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் அது சராசரி 0.23. மாணவர்கள் தமக்குள் பேசி விவாதித்த வகுப்புகளில் 0.48. 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடாகவும், மாணவர் ஈடுபட்டுக் கற்கும் வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. இங்கே எவரும் தனி அறைக்கு அனுப்பப்படவில்லை. எவர் பெயரும் பட்டியலில் ஏறவில்லை.

பட்டியல் என்றதும் நம் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய தர மதிப்பீட்டுக் குழுவுக்கு நம் கல்லூரிகள் நிரப்பி அளித்த அறிக்கைகளில், விரைவாகக் கற்போர், மெதுவாகக் கற்போர் என்று மாணவர்களைப் பிரித்து, இரு சாராருக்கும் என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கேள்வியில் தவறில்லை. நான் அறிந்த ஒரு கல்லூரியில் அதற்கு விடையாக, மெதுவாகக் கற்போரின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மாலை நான்கு மணிக்கு அறை எண் இன்னதற்கு வருக என்று எழுதினார்கள். தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்தவர்களே அதில் பாதிக்கு மேல். உந்தம், முடுக்கம், நிலைமத் திருப்புத்திறன் என்று பழுதறக் கற்றவர்கள், ஆங்கிலச் சொற்கள் வந்து விழும் வேகத்தில் திகைத்து நின்றார்கள். அதற்குப் பெயர் மெதுவாகக் கற்றல்! நான்கு மணிக்கு அந்த அறையில் யார் இருந்திருப்பார்கள் என்பதைப் பெர்க்கிலிக் கதையைப் படித்தபின் வாசகர்களே ஊகிக்கலாம். அந்த அறையைவிட, வகுப்பில் நன்றாகச் செய்பவர் இருவரும் திணறுபவர் இருவருமாக ஒரு நல்ல கணக்கைச் சுற்றி அமரும் விடுதி வராந்தா எவ்வளவோ மேல். அதற்குப் படிவமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். நல்ல கணக்கு வேண்டும்.

டிரைஸ்மனிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை அங்கேதான். நல்ல கணக்குத் தாள்களை ஆக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று ஒப்புக்கொள்பவர், அதை எப்படிச் செய்தார்கள், ஒரு தாளுக்கு எத்தனை நாள் பிடித்தது, எத்தனை கணக்குகள் தூக்கி எறியப்பட்டன என்று விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மாணவர்கள் எப்படிச் சமைத்து உண்டார்கள் என்பது மனத்தில் பதியும் அளவுக்கு இது பதியவில்லை. இதனால் பயிலரங்கை நடத்த விரும்பும் ஆசிரியருக்குக் கட்டுரை ஆர்வத்தை ஊட்டுகிறது. கையில் கருவியைத் தருவதில்லை.

விரிவான செய்திகளைத் தேடுவோர், டிரைஸ்மன் 1985இல் பெர்க்கிலியில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டையும் மேலே சொன்ன 1990ஆம் ஆண்டு மதிப்பீட்டையும் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்தப் பதினொரு பக்கம் போதும். நடை பேச்சுக்கு நெருக்கமானது. கணிதக் குறியீடுகள் குறுக்கிடுவதில்லை. ஆங்கிலத்தைக் கண்டு தயங்கும் மாணவர்களும் பக்கத்தில் ஓர் அகராதியோடும், முடிந்தால் இரண்டு நண்பர்களோடும், ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.